முடி உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை

கால்பந்துக் கழகம் ஒன்றை விலைக்கு வாங்க விரும்புகிறவர்கள், வாங்குவதற்கு முன்பு அதன் ரசிகர்களை நேரில் கண்டு மதிப்பிடுவது முறை. மாடு வாங்குகிறவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் என்ன நியாயம் உண்டோ, அந்த நியாயம் இதிலும் உண்டு. தொடுவானம் ஸ்போர்ட்ஸ் அண்டு விஷன் பிரைவேட் லிமிடெட் என்னும் நிறுவனம் இந்த முறையிலிருந்து இம்மியும் வழுவவில்லை. திருத்தணியின் ஒரே கால்பந்துக் கழகமான 'தணிகை யங் ஸ்டார்ஸ்' விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டதும், ரசிகர்களை ஆய்வு செய்ய ஒரு குழுவை அனுப்பிவைத்தது. குழு வந்து இறங்கிய நாள் ஆடிக் கிருத்திகை.

ஆடிக் கிருத்திகையன்று தங்கள் ஊரில் என்ன நடக்கும் என்பது உலகம் முழுவதற்கும் தெரியும் என்று திருத்தணிக்காரர்கள் நம்புகிறார்கள். நிறுவனத்தாருக்குத் தெரியவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு தங்கும் விடுதியின் மொட்டைமாடியில் நின்று அவர்கள் கீழே பார்த்தார்கள். நிலையத்திலிருந்து மலையடிவாரம் வரை தெரு என்ற ஒன்றே கண்ணுக்குத் தெரியவில்லை. மஞ்சள் துணி உடுத்தி, தலையை மழித்து, மழித்த தலையில் சந்தனம் அப்பி, தோளில் பூக்காவடி சுமந்து, வெறுங்காலுடன் மக்கள் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. பம்பை ஒலித்தது. ஒருவர் ஏதோ குரல் கொடுக்க, ஆயிரம் பேர் பதில் குரல் கொடுத்தார்கள். குழுவின் தலைவர் ஹரிஹரன் மேலாண்மை படித்த இளைஞர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவர் மறுபடியும் பார்த்தார்.

"சார், இவ்ளோ பேருமா?" என்றார், பக்கத்தில் நின்ற கஜபதியிடம்.

கஜபதி அந்தக் கழகத்தின் ரசிகர் மன்றத் தலைவர். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்பதும், முழுமையாகக் கேட்கப்படாத கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்வதில்லை என்பதும் அவர் பணிக்காலம் முழுவதும் காத்துவந்த ஒழுக்கம். இவ்வளவு பேரும் யார் என்றோ, எதற்கு வந்திருக்கிறார்கள் என்றோ ஹரிஹரன் கேட்கவில்லை. மேலும், மைதானத்துக் கோல் வலையை ஆடுகள் தின்றுவிட்டிருந்தன. வாங்குவதற்கு ஆள் கிடைக்காவிட்டால் கழகத்தையே கலைத்துவிடுவது என்று பழைய நிர்வாகிகள் முடிவு செய்திருந்தார்கள். ஆகவே கஜபதி, "ஆங்" என்றார்.

"எல்லா மேட்சுக்கும் இப்படி மொட்டை போட்டுப்பாங்களா?"

"அது அவங்கவங்க வேண்டுதலப் பொறுத்துங்க" என்றார் கஜபதி. இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கழகம் ஆவணி மாதத்திலேயே கை மாறியது. ஹரிஹரனே தலைமைச் செயல் அலுவலராக நியமிக்கப்பட்டு ஊரில் குடியேறினார்.

அவருடைய முதல் ஆணை, அணியின் சட்டையைப் பற்றியது. யங் ஸ்டார்ஸ் அணி தோன்றிய நாள்முதல் பச்சைச் சட்டை அணிந்துதான் தோற்றுவந்தது. இனி அது மஞ்சள் சட்டை அணியும் என்று அறிவிக்கப்பட்டது. இரண்டாவது ஆணை, ஆட்ட நாள்களைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்துவந்த ஆட்டங்கள் இனி மாதந்தோறும் கிருத்திகை நட்சத்திரத்தன்று நடைபெறும். ரசிகர்கள் பெருந்திரளாகக் கூடுவது கிருத்திகையன்றுதான் என்பது ஆய்வில் நிறுவப்பட்டிருந்தது. அது செவ்வாய்க்கிழமையாகவும் இருக்கலாம், புதன்கிழமையாகவும் இருக்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு, ரசிகர்கள் வேலைக்குப் போவதாக ஆய்வில் எங்கும் இல்லை என்று பதில் வந்தது.

ரசிகர் மன்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எல்லோரையும்விடப் பலமாக முணுமுணுத்தவர் கலீம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவர். பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஊரில்தான். ஆட்டத்துக்கு ஆட்டம் மேளம் அடிப்பவர் அவர். கஜபதியைவிட வயதில் இளையவர், குரலில் மூத்தவர். கஜபதியை அவர் நைனா என்பார், கஜபதி அவரைப் பாய் என்பார். இருவரும் சேர்ந்து போகாத ஆட்டம் கிடையாது. கஜபதியின் மூத்த மகளுக்குத் தாலி ஏறிய முகூர்த்தத்தில்கூட, இருவரும் மைதானத்தில் ஒரு கார்னர் கிக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கஜபதியின் மனைவி பிரபாவதி இன்றுவரை உறவினர்களிடம் சொல்லிவருகிறார்.

முணுமுணுப்பைத் தீர்க்க ஒரு கல்யாண மண்டபத்தில் 'பதினைந்தாண்டுத் தொலைநோக்குத் திட்ட விளக்கக் கூட்டம்' நடந்தது. மணமக்களின் படம் ஓடும் திரையில் முதலில் ஒரு மலை வந்தது. அடுத்து ஒரு கழுகு. அதற்கடுத்து, நீண்ட சாலை ஒன்றில் தனியே நடந்து போகும் ஒரு வெளிநாட்டார் வந்தார். வெகுநேரமாகியும் கால்பந்து வரவில்லை. கஜபதி எழுந்தார்.

"எல்லாம் சரிங்க. அரக்கோணத்த எப்பங்க ஜெயிப்போம்?"

"நல்ல கேள்வி சார். அது நாலாவது கட்டத்துல வருது."

"இப்ப எந்தக் கட்டம் நடந்துகினு கீது?"

"முதல் கட்டம். அஸ்திவாரம் போடறோம்."

"வர்ற தை மாசம் அவங்களோட மேட்ச் கீதுங்களே?"

"இருக்கு. ஆனா அதுல ஜெயிக்கறதா பிளான்ல இல்ல."

"தப்பித் தவறி ஜெயிச்சிட்டா?"

ஹரிஹரன் சிரிக்கவில்லை. அஸ்திவாரம் காய்வதற்கு முன்னே மாடி எழுப்பினால் கட்டடம் என்ன ஆகும் என்று அவர் கூட்டத்தைத் திருப்பிக் கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் ஆழ்ந்து தலையசைத்தார்கள். அவர்கள் அந்தச் சமயம் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள். ஜெயிப்பதற்குக்கூட நல்ல நேரம் பார்க்கிற கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கலீம் சொன்னது, மைக் இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

அரக்கோணத்தைப் பற்றிய கேள்வி வெறும் கேள்வியன்று. அரக்கோணம் ஜங்ஷன் லெவன் அணியிடம் யங் ஸ்டார்ஸ் தோற்கத் தொடங்கிய காலம் ஊரில் யாருக்கும் சரியாக நினைவில்லை. சென்ற தை மாதமும் தோற்றுத் திரும்பியபோது, ரசிகர் மன்றத்தார் நேரே மலைப்படிக்குப் போய், சூடம் ஏற்றி ஒரு நேர்த்திக்கடன் வைத்தார்கள். அரக்கோணத்தை ஜெயிக்கும்வரை தலையில் கத்தி படாது. ஜெயித்த அன்றே முடி முழுவதும் முருகனுக்குக் காணிக்கை. கலீம் தம் வழக்கப்படி தர்காவுக்கு ஓர் அண்டா பிரியாணி நேர்ந்துகொண்டார். அவர் தலைமுடி எப்போதும்போல் மாதம் ஒருமுறை வெட்டப்பட்டு, சாதாரணத் தலைமுடியாகவே இருந்துவந்தது.

மற்றவர்களுடையது அப்படியில்லை. ஐப்பசிக்குள் கஜபதியின் முடி தோளைத் தொட்டது. கார்த்திகையில் அவர் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டத் தொடங்கினார். ஓய்வூதியர் கூட்டங்களில் அவருடைய பழைய மேலதிகாரிகள் அவரை அடையாளம் தெரியாமல் வணங்கினார்கள். பிரபாவதி அதிகம் பேசுகிறவர் அல்லர். "பூ வாங்கும்போது உங்களுக்கும் சேத்தே ஒரு மொழம் வாங்கட்டுமா?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார்.

மார்கழி முடிவில் மைதான வாயிலில் ஒரு பலகை வைக்கப்பட்டது. 'ரசிகர் அடையாளக் கொள்கை' என்பது அதன் தலைப்பு. மழித்த தலையில் சந்தனம் பூசிப் புன்னகைக்கும் ஒருவரின் ஆளுயரப் படத்தின் கீழ் பின்வருமாறு எழுதியிருந்தது: 'யங் ஸ்டார்ஸ் கழகத்தின் மெய்யான ரசிகர் இவ்வாறு இருப்பார். தலைமுடி உள்ளோர் எதிரணி ரசிகர்களாகக் கருதப்படுவர். எதிரணி ரசிகர்களுக்கு மேற்குப் பகுதியில் இடம் ஒதுக்கப்படும். மேற்குப் பகுதியில் தற்போது இடம் இல்லை.'

கஜபதி அதை இரண்டு முறை படித்தார். கோபம் வந்தது, ஆனால் கோபத்துக்கு முன்பே வேறோர் உணர்ச்சி வந்துவிட்டது. இத்தனை சுத்தமான வாசகத்தைத் தாம் பணியில் இருந்தபோதுகூட எழுதியதில்லையே என்று அவருக்குத் தோன்றியது.

பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு பந்தல் போட்டு, கண்ணாடி மாட்டி, நாற்காலி ஒன்றை வைத்து, நிறுவனத்தின் செலவில் ஒரு முடிதிருத்துநரையும் நிறுத்தியிருந்தார்கள். கொள்கையால் எவருக்கும் சிரமம் நேரக்கூடாது என்பதில் நிறுவனம் கவனமாக இருந்தது.

தை மாதக் கிருத்திகை வந்தது. அரக்கோணத்தோடு ஆட்டம். கஜபதியும் கலீமும், பின்னலும் கொண்டையுமாக மன்றத்தார் அத்தனை பேரும் வாயிலுக்கு வந்தார்கள். நிறுவனம் வெளியூரிலிருந்து கொண்டுவந்த காவலர்கள் அவர்களைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், கையை நீட்டி மறித்தார்கள். இவர்களுக்குப் பின்னாலேயே மலையிலிருந்து இறங்கிவந்த மொட்டைத் தலைகள் வரிசை வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. உள்ளே நிழல் உண்டு, விசிறி உண்டு, சுடச்சுடப் புளியோதரை உண்டு என்று நிறுவனத்தின் ஒலிபெருக்கி தெலுங்கிலும் தமிழிலும் அழைத்துக்கொண்டிருந்தது.

கஜபதியின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளே போகவேண்டுமானால் முடியை எடுக்க வேண்டும். முடியை எடுத்தால் வேண்டுதல் முறியும். வேண்டுதல் முறிந்தால் முருகன் எந்த முகத்தோடு ஜெயிக்கவைப்பான்? முடியை எடுக்காவிட்டாலோ, ஒருவேளை ஜெயித்துவிட்டால், இத்தனை காலம் காத்திருந்த அந்த ஒரே காட்சியை அவர் பார்க்க முடியாது. ஓய்வு பெற்ற பிறகு கஜபதி எதற்கும் இவ்வளவு யோசித்ததில்லை. பணியில் இருந்தபோது யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை. அவர் கால்கள் பந்தலை நோக்கி இரண்டடி எடுத்துவைத்தன. முடிதிருத்துநர் மரியாதையாக நாற்காலியைத் தட்டித் துடைத்தார்.

"நைனா, ஒக்காராத" என்றார் கலீம். "அது உன் முடியில்ல. மலமேல கீறாரே, அவருக்கு நேர்ந்து வுட்டது. அத்த எடுத்து கம்பெனிக்காரன் கூடையில கொட்டுவியா?"

கஜபதி நின்றார். பிறகு நேராக ஹரிஹரனின் அறைக்குப் போனார். தகவல் ஒன்றை அதிகாரியிடம் தாமாக முன்வந்து தெரிவிப்பது அவருக்கு இதுவே முதல் தடவை.

"அன்னிக்கு நீங்க பாத்த ஜனம் எங்க ஆளுங்க இல்லீங்க. அது முருகனுக்கு வந்த கூட்டம். எங்க ஆளுங்க இதோ வாசல்ல நின்னுகினு கீறாங்க, அவ்ளோதான்."

ஹரிஹரன் எழுந்து கதவைச் சாத்தினார். "தெரியும் சார்."

"தெரியுமா?"

"குடி வந்த ரெண்டாவது வாரமே தெரியும். பிராக்டீஸ் மேட்ச் பாக்க வந்தேன். நீங்க, பாய், ஒரு ஆடு. வேற யாரும் இல்ல."

"அப்புறம் ஏங்க இந்தக் கூத்து?"

"அதுக்குள்ள மும்பை ஹெட் ஆபீஸ்ல பிளான் பாஸாயிடுச்சு சார், போட்டோவோட." ஹரிஹரனின் குரல் தணிந்தது, முதல் முறையாக அவர் தம் வயதுக்குரியவராகத் தெரிந்தார். "பிளானை மாத்தணும்னா போர்டைக் கூட்டணும், நான் தப்பாப் பாத்தேன்னு ஒத்துக்கணும், வேலை போயிடும். ரசிகரை மாத்தணும்னா ஒரு சவரக்கத்தி போதும். நீங்களே சொல்லுங்க சார், எது சுலபம்?"

அந்த வாதத்தில் ஓட்டையே இல்லை. ஆவணத்தில் குளம் என்று இருந்த இடத்தில் வீடு கட்டி வாழ்ந்த ஒருவருக்கு, ஆவணத்தைத் திருத்த வழியில்லை, தாங்கள்தாம் அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டும் என்று கஜபதியே ஒரு காலத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் நீச்சல் கற்றுக்கொண்டாரா என்பது தெரியாது. கஜபதி ஒரு வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மன்றத்தார் மைதானத்தின் கிழக்கு மதிலில் ஏறினார்கள். மதில் உயரம் போதுமானதுதான். ஆனால் மதிலுக்கு உட்புறமாகத் தொலைநோக்குத் திட்டத்தின் விளம்பரத் தட்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன. மலையும் கழுகும் தெரிந்தன; மைதானம் தெரியவில்லை. ஆகவே ஆட்டத்தைக் காதால் பார்ப்பது என்று முடிவாயிற்று. கூட்டத்தின் சத்தத்தை வைத்தே கோல் யாருடையது என்று சொல்லிவிடலாம் என்றார் கஜபதி. அனுபவமுள்ளவர் சொன்னதால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. உள்ளே, "அரோகரா" என்று பேரொலி எழுந்தது. கோல் என்று கத்திக்கொண்டு மன்றத்தார் ஒருவரையொருவர் கட்டித் தழுவினார்கள். மதில்மேல் நடந்த தழுவலாதலால் இருவர் வெளிப்புறம் விழுந்தார்கள். சற்று நேரத்தில் மறுபடியும் அரோகரா. இதுவும் கோலா, யாருடைய கோல் என்று விவாதிப்பதற்குள் மூன்றாவது அரோகரா. பிறகுதான் உண்மை விளங்கியது. பந்து வெளியே போனாலும் அரோகரா, நடுவர் ஊதினாலும் அரோகரா, புளியோதரை அடுத்த வரிசைக்கு வந்தாலும் அரோகரா. மொத்தத்தில் புளியோதரைக்கு விழுந்த அரோகரா சற்றுக் கூடுதல் அழுத்தமாக இருந்தது. பந்தயம் முடிந்ததற்கான நீண்ட ஊதல் கேட்டபோது, மதிலின்மேல் இருந்த எவருக்கும் தங்கள் அணி ஜெயித்ததா, தோற்றதா என்பது தெரியவில்லை.

வாயில் திறந்து கூட்டம் வெளியேறியது. புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாளிடம் கஜபதி ஓடிப்போய், யார் ஜெயித்தது என்று தெலுங்கில் கேட்டார்.

"ஏமோ நைனா" என்றார் அந்த அம்மாள். "புளிஹோர மாத்திரம் பாகுந்தி."

ஜெயித்தவர் யாரென்று தெரியாது, புளியோதரை நன்றாக இருந்தது. அடுத்துக் கேட்ட நால்வரும் இதையே சொன்னார்கள். ஒருவருக்கு மட்டும் உப்பு போதவில்லை.

கடைசியில் ராஜேஷ் வந்தான். அணியின் முன்வரிசை ஆட்டக்காரன், கே.ஜி.கண்டிகையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மஞ்சள் சட்டை முழுவதும் மண். மதிலோரமாக, ஆள் கண்ணில் படாமல் நழுவப் பார்த்தவனைக் கலீம் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஜெயிச்சிட்டோம் பாய்" என்றான் ராஜேஷ், ஏதோ பாத்திரத்தை உடைத்துவிட்டவன்போல. "நான் வேணும்னு அடிக்கல. பந்து காலண்ட வந்துச்சு, அவங்க கோலி கீழ வுழுந்து கெடந்தான். காலு தானா போயிடுச்சு. ஆபீஸ்ல கூப்புட்டு, பிளான்ல இல்லாதத ஏன் செஞ்சேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாங்க."

அவன் சொன்னதன் பிற்பகுதியை யாரும் கேட்கவில்லை. கலீம் மேளம் அடிக்கத் தொடங்கியிருந்தார். அன்று மாலையே மன்றத்தார் ஊர்வலமாக மலையடிக்குப் போய், முடிக்காணிக்கை மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்து, வாக்குக் கொடுத்ததை ஒரு மயிர் குறையாமல் கொடுத்தார்கள். குளத்தில் முழுகி, தலையில் சந்தனம் அப்பி, படியேறி வணங்கினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கலீமின் பிரியாணி. கஜபதி இரண்டு முறை போட்டுக்கொண்டார். வீட்டில் பிரபாவதி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரோ வெளியூர்க்காரர் வந்து தங்கிகினு கீற மாதிரி கீது" என்றார்.

மலையடியில் அவர்கள் தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு நின்றதை நிறுவனத்தின் புகைப்படக்காரர் பதிவு செய்திருந்தார். படம் மும்பைக்குப் போனது. ரசிகர்கள் அனைவரும் கொள்கையை உளமாற ஏற்றுத் தாமாகவே உருமாறிவிட்டனர் என்றும், முதல் கட்டம் குறித்த காலத்துக்கு முன்பே நிறைவெய்திற்று என்றும் அறிக்கை வெளியாயிற்று. ஹரிஹரனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வெற்றி மட்டும் சிக்கலாக இருந்தது. நான்காம் கட்டத்தில் வரவேண்டிய ஒன்றை முதல் கட்டத்திலேயே செலவழித்துவிட்டதற்கு ராஜேஷ் தந்த விளக்கம் ஏற்கப்படவில்லை. அவனது கோல் அடிக்கும் திறன் நான்காம் கட்டம்வரை சேதமுறாமல் பாதுகாக்கப்படும் என்றும், அதுவரை அவன் ஆடமாட்டான் என்றும் முடிவாயிற்று. ராஜேஷ் ஆட்டோவுக்குத் திரும்பினான்.

கஜபதி கொதித்தார். அது மெய்யான கொதிப்புத்தான். ராஜேஷைத் திரும்ப ஆடவைக்கக் கோரி நான்கு பக்க மனு ஒன்றை அன்றே எழுதி, அவரே எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவருக்கு ஓர் ஆணை காத்திருந்தது. அவர் கழகத்தின் 'முதுநிலை மரபு ரசிகர்' ஆக நியமிக்கப்பட்டிருந்தார். முதல் வரிசையில் வெல்வெட் உறை போட்ட நாற்காலி, கழுத்தில் தொங்கவிட அடையாள அட்டை, புளியோதரை விநியோகத்தில் முன்னுரிமை. ரசிகர்கள் தரும் மனுக்கள் அனைத்தும் இனி முதுநிலை மரபு ரசிகர் வழியாகவே அனுப்பப்பட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

கஜபதி யோசித்தார். விதிப்படி பார்த்தால் வேறு வழியில்லை. தம் மனுவைத் தாமே பெற்றுக்கொண்டு, ஒப்புகைச் சீட்டு எழுதிக் கையெழுத்திட்டு, அதைத் தமக்கே கொடுத்துக்கொண்டார். மனு பரிசீலனையில் வைக்கப்பட்டது.

கலீமின் மனு அதற்கடுத்து வந்தது. மன்றத்தார் அனைவரும் இப்போது உள்ளே போய்வந்தார்கள். கலீமை மட்டும் காவலர்கள் விடவில்லை. அவர் தலையில் முடி இருந்தது.

"நானும் வேண்டிகினேன், நானும் செலுத்திட்டேன். நீயே ரெண்டு தபா துன்ன" என்றார் கலீம்.

"துன்னேன் பாய், இல்லேன்னு சொல்லல. ஆனா கொள்கைல பிரியாணிக்கு இடமில்லியே. ஒரு மனு எழுதிக் குடு."

"குடுத்தாச்சு நைனா. உங்கிட்டதான் குடுத்தேன்."

"அப்படின்னா பரிசீலனைல கீது" என்றார் கஜபதி.

மாசி கடந்து பங்குனி பாதிக்கு வந்தபோது, கஜபதியின் தலையில் முடி எட்டிப் பார்த்தது. ஒருநாள் வாயிற்காவலர் அவருடைய தலையைச் சற்று அதிக நேரம் பார்த்தார். கஜபதி திரும்பி, பந்தலுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முடி யாருக்கும் நேர்ந்துகொள்ளப்பட்டதன்று. ஆகவே சட்டப்படி ஆட்சேபணை எதுவும் எழவில்லை. கத்தி குளிர்ச்சியாக இருந்தது. அவருக்குப் பின்னால் மன்றத்தார் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள்.

சித்திரைக் கிருத்திகையன்று திருவாலங்காட்டு அணியோடு ஆட்டம். வெயில் கொளுத்தியது. முதல் வரிசையில் பந்தலின் நிழலில் கஜபதியும், அவருக்குப் பக்கத்தில் ஹரிஹரனும் அமர்ந்திருந்தார்கள். இடைவேளைக்குள்ளாகவே யங் ஸ்டார்ஸ் நான்கு கோல் வாங்கியிருந்தது. பின்வரிசையில் இருந்த மன்றத்தார் ஒருவர், ராஜேஷ் இருந்திருந்தால் என்று ஏதோ தொடங்கினார். அஸ்திவாரம் காய்கிறபோது கூரையைப் பற்றிப் பேசக்கூடாது என்று கஜபதி திரும்பிப் பாராமலே அவருக்கு எடுத்துச் சொன்னார்.

அந்த நேரத்தில் கிழக்கு மதிலின்மேல், கழுகுத் தட்டிக்கு மேலாக, ஒரு தலை எம்பி எம்பித் தெரிந்தது. முடியுள்ள தலை. கைகளை வாயருகே குவித்து அது கூப்பிட்டது.

"நைனா! இன்னா நெலம? ஒண்ணும் தெரியல இங்க!"

மைதானம் முழுவதற்கும் அந்தக் குரல் கேட்டது. காவலர்கள் மதிலை நோக்கி நடந்தார்கள். ஹரிஹரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கஜபதியைப் பார்த்தார்.

"உங்களைத்தான் கூப்பிடறார் போல. தெரிஞ்சவரா சார்?"

கஜபதி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை முகம் முன்பக்கம் வருமாறு திருப்பி வைத்தார். மதிலை ஒருமுறை நிதானமாக நோக்கினார்.

"தெரிலீங்க" என்றார். "முடியப் பாத்தா அரக்கோணத்து ஆளு மாதிரி கீது."